அரிய வளர்சிதை மாற்ற நோயோடு வாழும் பெண்களுக்கு: வயதுக்கு வருவதில் தொடங்கி பிரசவத்துக்குப் பின் வரை ஒரு வழிகாட்டி

பிறவியிலேயே ஓர் என்சைம் சரியாக வேலை செய்யாததால் வரும் நோய்களைப் பரம்பரை வளர்சிதை மாற்ற நோய்கள் என்கிறார்கள். சாப்பிடும் புரதமோ சர்க்கரையோ கொழுப்போ உடலில் பாதி வழியில் தேங்கிவிடும். தேங்கியது நஞ்சாகும், இல்லையென்றால் கிடைக்க வேண்டிய சக்தி கிடைக்காமல் போகும். இந்த நோய்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே தொட்டில் குழந்தைதான் எல்லோர் நினைவுக்கும் வரும். அந்தக் குழந்தைகள் வளர்கிறார்கள், வயதுக்கு வருகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். குழந்தைகள் மருத்துவர் ஒரு கட்டத்தில் "இனி பெரியவங்க டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவைப்பார். அந்தப் பெரியவங்க டாக்டர் யார் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மகப்பேறு மருத்துவரோ இப்படி ஒரு நோயாளியை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்.

இந்த இடைவெளிதான் ஆபத்து. மாதவிடாய்க்கு முந்தைய வாரம், கர்ப்பத்தின் முதல் மூன்று மாத வாந்தி, பிரசவ வலி, பிரசவம் முடிந்து கர்ப்பப்பை சுருங்கும் நாட்கள் ஆகியவை எல்லாப் பெண்களுக்கும் வருபவை. ஆனால் என்சைம் குறைபாடு உள்ள உடலுக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு சோதனை. முன்கூட்டியே தெரிந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம். இதில் வரும் மருந்துகள், அளவுகள் எல்லாம் உங்கள் மருத்துவரிடம் பேசுவதற்காகத்தான். நீங்களாக எதையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

முதல் படி: நோயின் முழுப் பெயரைக் கையில் வைத்திருங்கள்

"ஏதோ மெட்டபாலிக் பிரச்சினை, சின்ன வயசிலேயே இருந்தது" என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் ஒன்றும் புரியாது. எந்த என்சைம், எந்த வகை, மரபணுச் சோதனை செய்திருந்தால் அதில் என்ன வந்தது, மூன்றும் வேண்டும். ஏனென்றால் ஒரு நோய்க்கு மருந்தாக இருப்பது இன்னொரு நோய்க்கு விஷம். உடல் சேமித்து வைத்த சர்க்கரையை (கிளைகோஜன்) வேண்டியபோது எடுக்க முடியாத கிளைகோஜன் சேமிப்பு நோய் உள்ளவர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாவுச்சத்து சாப்பிட்டே ஆக வேண்டும். பழச்சர்க்கரையை உடைக்க முடியாத பரம்பரை ஃபிரக்டோஸ் தாங்காமை உள்ளவருக்குச் சாதாரண இருமல் டானிக்கில் இருக்கும் சர்க்கரையும் சார்பிட்டாலும் ஆகாது. புரதத்தில் இருக்கும் ஃபினைல்அலனினை உடைக்க முடியாத ஃபினைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யூ., உள்ளவருக்கு, அதே ஃபினைல்அலனின் உள்ள அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைச் சேர்த்த சுகர்ஃப்ரீ பொருள் கூடாது.

இன்னும் பெயரே தெரியாதவர்களும் நிறையப் பேர். இந்தியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும் பரிசோதனை நடப்பதில்லை. அதனால் நோய் இருப்பது தெரியாமலேயே முப்பது வயதைத் தாண்டியவர்கள் உண்டு. சில அறிகுறிகளைக் கவனியுங்கள். சின்ன வயதிலிருந்தே பருப்பு, முட்டை, இறைச்சியைக் கண்டால் ஒதுங்குவது, சாப்பிட்டால் தலைவலியும் குமட்டலும் வருவது. ஒரு வேளை சாப்பிடாவிட்டால் மயங்கி விழுவது. கூடப்பிறந்த ஆண் குழந்தை பிறந்த சில நாளிலேயே காரணம் தெரியாமல் இறந்திருப்பது. புரதக் கழிவான அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்றும் யூரியா சுழற்சியில் ஓ.டி.சி. என்ற என்சைம் குறைவாக உள்ள பெண்கள் பலர் தாமாகவே புரதத்தைக் குறைத்துச் சாப்பிட்டு, நோயைத் தாங்களே மறைத்துக்கொண்டு வாழ்ந்திருப்பார்கள். சைவக் குடும்பமாக இருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது.

இரண்டாம் படி: வயதுக்கு வரும் முன்பே திட்டமிடுங்கள்

கேலக்டோசீமியாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் காலம் தாழ்த்தினால் இழப்பு அதிகம். பாலில் உள்ள கேலக்டோஸை உடைக்க முடியாத இந்த நோயில், பிறந்த முதல் வாரத்திலேயே பாலை நிறுத்தி உணவுக் கட்டுப்பாட்டைக் கச்சிதமாகக் கடைப்பிடித்தாலும், பெண் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குச் சினைப்பை முன்கூட்டியே செயலிழக்கிறது. பெற்றோர் பலர் "நாங்க எங்கேயோ பால் கலந்ததைக் கொடுத்துட்டோமோ" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டால் இதைத் தடுக்க முடிவதில்லை. எனவே அந்தக் குற்ற உணர்ச்சி தேவையில்லாத சுமை.

செய்ய வேண்டியது இது. 12 வயதில் மார்பு வளர்ச்சி போதுமான அளவு இல்லாவிட்டாலோ, 14 வயதில் மாதவிடாய் ஒழுங்காக வராவிட்டாலோ சினைப்பை வேலை செய்கிறதா என்று காட்டும் எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடயால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி ஹார்மோன் மருத்துவரிடம் போக வேண்டும். தேவைப்பட்டால் மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டி, பிறகு புரோஜெஸ்ட்ரோன் சேர்ப்பார்கள். இது வெறுமனே மாதவிடாய் வரவைக்க மட்டும் இல்லை. பால் பொருட்களே சாப்பிடாத உடலில் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். அதில் ஈஸ்ட்ரோஜனும் இல்லாவிட்டால் எலும்பு இன்னும் தேயும். கால்சியம், வைட்டமின் டி அளவையும் எலும்பு அடர்த்தி ஸ்கேனையும் கேட்டு வாங்குங்கள். ஹார்மோன் மாத்திரைகள் சிலவற்றில் லாக்டோஸ் நிரப்பியாக இருக்கும், அளவு மிகச் சிறியதுதான். மருத்துவர் சரி என்றால் பயப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். சினைப்பை செயலிழந்தது என்றால் கர்ப்பமே தரிக்காது என்று பொருள் இல்லை. கேலக்டோசீமியா உள்ள பெண்கள் எதிர்பாராமல் கர்ப்பமான சம்பவங்கள் உண்டு. அதனால் "உனக்குக் குழந்தையே பிறக்காது" என்று பதினான்கு வயதுப் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள். மருத்துவமாகவும் தவறு, மனதையும் உடைக்கும்.

அடுத்தது சடங்கு. பெண் பெரிய மனுஷி ஆனதும் நம் வீடுகளில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும், அப்புறம் உளுந்தங்களி, உளுந்து வடை, உறவினர் ஒவ்வொருவராகக் கொண்டுவரும் பலகாரம். பிள்ளைக்கு இடுப்புப் பலம் வர வேண்டும் என்ற அக்கறைதான். ஆனால் 100 கிராம் உளுந்தில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம். பி.கே.யூ. நோய் தீவிரமாக உள்ள பெண் ஒரு நாள் முழுவதும் இயற்கை உணவிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய புரதமே அந்த ஒரு முட்டை அளவில்தான் இருக்கும். யூரியா சுழற்சிக் குறைபாடு உள்ளவருக்கு ஒரு வாரம் இப்படிக் கொடுத்தால் அம்மோனியா ஏறி, பிள்ளை சோர்ந்து, குழறிப் பேசி, "சடங்கு அலுப்பு" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க மயங்கிவிடும் அபாயம் உண்டு.

சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. ஊட்டுகிறவர் யார் என்று முன்னரே முடிவு செய்யுங்கள். அத்தை, சித்தி, பாட்டி என்று எல்லோரிடமும் தனித்தனியாக விளக்க முடியாது. வீட்டில் ஒருவர், பெரும்பாலும் அம்மாதான், "அவ சாப்பாடு நான் மட்டும்தான் குடுப்பேன்" என்று சொல்லிவிடட்டும். பால் சேர்க்காத ஜவ்வரிசிப் பாயசம், வெல்லம் போட்ட மரவள்ளிக்கிழங்கு, பழங்கள் என்று புரதம் குறைவான தட்டு ஒன்று தயாராக இருந்தால் சடங்கும் நடக்கும், பிள்ளையும் நன்றாக இருக்கும். பட்டினி போடாமல் பார்த்துக்கொள்வது இன்னும் முக்கியம். தனியே உட்கார வைத்து, நேரத்துக்குச் சாப்பாடு போகாமல் விட்டால் கொழுப்பு எரிப்பு நோய்கள், கிளைகோஜன் நோய்கள் உள்ள பெண்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

மூன்றாம் படி: மூன்று மாதம் குறிப்பு எழுதுங்கள்

மருத்துவமனையில் எவ்வளவு பேசினாலும் வராத தெளிவு இந்தக் குறிப்பில் வந்துவிடும். ஒரு சாதாரண நோட்டுப் போதும். மாதவிடாய் தொடங்கிய நாளை 1 என்று வைத்து, ஒவ்வொரு நாளும் இவற்றை எழுதுங்கள்:

- எத்தனை நாப்கின், கட்டிகட்டியாகப் போனதா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்ததா
- வாந்தி, வயிற்றுவலி, தலைவலி, அதிகத் தூக்கம், எரிச்சல், பேச்சுக் குழறல்
- சிறுநீர் நிறம்
- அன்று தவறவிட்ட வேளைகள், விரதம்
- வீட்டில் பார்க்கும் அளவுகள்: சர்க்கரை, கீட்டோன், ஃபினைல்அலனின் சோதனைக்கு அனுப்பிய தேதி
- சாப்பிட்ட மாத்திரைகள், கடையில் வாங்கியதும் சேர்த்து

தொடர்ந்து மூன்று சுழற்சியிலும் மாதவிடாய்க்கு முந்தைய ஏழெட்டு நாளில் மட்டும் தொல்லை வந்து, ரத்தப்போக்கு தொடங்கியதும் தணிகிறது என்றால், உங்கள் நோய் ஹார்மோனோடு சேர்ந்து ஆடுகிறது என்று பொருள். அந்தத் தாளைப் பார்த்ததும் மருத்துவர் சிகிச்சையின் நேரத்தையே மாற்றுவார்.

நான்காம் படி: மாதாமாதம் வரும் ஆபத்து எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அக்யூட் இன்டர்மிட்டன்ட் போர்ஃபைரியா இதற்கு நேரடி உதாரணம். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருளின் உற்பத்திப் பாதையில் உள்ள குறைபாடு இது. மரபணு இருந்தும் பெரும்பாலோருக்கு நோய் தலைகாட்டாது. தலைகாட்டினால் அது பெரும்பாலும் பருவமடைந்ததற்கும் மாதவிடாய் நிற்பதற்கும் இடைப்பட்ட பெண்களிடம்தான். கருமுட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்ட்ரோன் ஏறும் நாட்களில் தாங்க முடியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், நெஞ்சுப் படபடப்பு, கை கால் பலவீனம், சில சமயம் மனக்குழப்பம். வயிற்றை அமுக்கிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஸ்கேனிலும் ஒன்றும் இருக்காது. "சூட்டு வலி" என்றும் "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றும் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் உண்டு, குடல்வால் எடுக்கப்பட்டவர்களும் உண்டு. வலி இருக்கும்போதே எடுத்த சிறுநீரை வெளிச்சம் படாமல் மூடிக் கொண்டுபோய், இந்த நோயில் ஏறும் போர்ஃபோபிலினோஜன் என்ற பொருளின் அளவு பார்த்தால் விடை கிடைத்துவிடும். சிறுநீரை வெளிச்சத்தில் வைத்தால் நிறம் கருஞ்சிவப்பாக மாறுவதும் ஒரு குறிப்பு.

வலி தொடங்கினால் நேரத்துக்கு மாவுச்சத்து, தேவைப்பட்டால் குளுக்கோஸ் டிரிப்ஸ், கடுமையானால் ஹீமின் ஊசி. ஒவ்வொரு மாதமும் வருகிறவர்களுக்குக் கருமுட்டை வெளிவருவதையே நிறுத்திவைக்கும் ஜி.என்.ஆர்.எச். ஊசி உதவும். அதை நீண்ட நாள் போட்டால் எலும்பையும் கவனிக்க வேண்டும். 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிவோசிரான் என்ற மருந்து தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, ஆனால் விலை நம் கைக்கு எட்டாதது.

கிளைகோஜன் சேமிப்பு நோய் முதல் வகையில் தொல்லை வேறு. இங்கே ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அவை சரியாக ஒட்டுவதில்லை. அதனால் மாதவிடாயின்போது ரத்தம் கொட்டும். சர்க்கரையும் லாக்டேட்டும் (ரத்தத்தில் ஏறும் லாக்டிக் அமிலம்) கட்டுக்குள் வந்தால் இந்தக் குறை ஓரளவு சரியாகும் என்பதால், அதிக ரத்தப்போக்குக்கு முதல் மருந்து ஒழுங்கான உணவு அட்டவணைதான். இரவில் குளிர்ந்த தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பச்சைக் கார்ன்ஃப்ளோர் இந்த நோய்க்கு மருந்து. 1984-ல் அமெரிக்க மருத்துவர்கள் இதை வெளியிட்ட பிறகுதான் இந்தப் பிள்ளைகள் இரவு முழுவதும் குழாய் வழியே குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளாமல் தூங்க முடிந்தது. வெந்நீரில் கலக்கினால் மாவு வெந்து, சீக்கிரமே ஜீரணமாகி, விடியற்காலையில் சர்க்கரை இறங்கிவிடும். மாதவிடாய் நாட்களில் வயிறு சரியில்லை என்று அந்த ஒரு வேளையைத் தவறவிடுவதுதான் பெரும்பாலும் சிக்கலைத் தொடங்கிவைக்கிறது.

இந்தப் பெண்களின் ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டிகள் நிறையத் தெரியும். பி.சி.ஓ.எஸ். என்று எழுதிக் கையோடு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். லாக்டேட் ஏற்கெனவே ஏறும் உடலுக்கு மெட்ஃபார்மின் ஆபத்து. இதை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். கூச்சப்படாதீர்கள்.

ஒரு வகைக் கொழுப்பு மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தேங்கும் காஷே நோயில் தட்டணுக்களே குறைவாக இருப்பதால் ரத்தப்போக்கு அதிகம். வில்சன் நோயில் தாமிரம் கல்லீரலில் தேங்கி, மாதவிடாய் நின்றுபோவதும் கரு அடிக்கடி கலைவதும் முதல் அறிகுறியாகவே வரலாம். சிகிச்சை தொடங்கினால் சுழற்சி திரும்பும்.

கடை மாத்திரைகள் பற்றி ஒரு வார்த்தை. கோயில் விசேஷம், கல்யாணம், தேர்வு என்றால் மெடிக்கல் ஷாப்பில் போய்ப் பீரியட்ஸ் தள்ளிப்போடும் மாத்திரை வாங்குவது நம்மூரில் சர்வ சாதாரணம். அது நோரெத்திஸ்டெரோன். போர்ஃபைரியா உள்ளவருக்கு இந்தப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து தாக்குதலைத் தூண்டிவிடலாம். ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ரத்தத்தில் தேங்கும் ஹோமோசிஸ்டினூரியா உள்ளவருக்கு ஏற்கெனவே ரத்தம் உறையும் தன்மை அதிகம், இந்த மாத்திரையின் ஒரு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறி அதை இன்னும் கூட்டும். வயிற்றுவலிக்கு வாங்கும் மெஃபனமிக் அமில மாத்திரையும் அப்படியே. கிளைகோஜன் நோயில் தட்டணுவையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும், வில்சன் நோயில் கல்லீரல் சுருங்கியிருந்தால் ஆகாது. எது பாதுகாப்பு என்று முன்கூட்டியே கேட்டு, ஒரு பெயரை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விரதம் வேண்டவே வேண்டாம். சஷ்டி, ஏகாதசி, ரமலான் எதுவானாலும், நீண்ட நேரம் வெறும் வயிறாக இருப்பதைத் தாங்காத நோய்கள் இவற்றில் பல.

ஐந்தாம் படி: கருத்தடை, நோயைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை, பெண்ணும் கேட்பதில்லை. திட்டமில்லாத கர்ப்பம் இந்த நோய்களில் பலருக்கு உயிர்ப் பிரச்சினை என்பதால் கேட்டே ஆக வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவம் ஆன கையோடு காப்பர் டி போட்டுவிடுவது வழக்கம். நல்ல வழிதான், ஆனால் வில்சன் நோய் உள்ளவருக்குத் தாமிரம் உள்ள சாதனம் கூடாது. பிரசவ அறைக்குப் போகும் முன்பே ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "காப்பர் டி வேண்டாம்" என்று எழுதி வாங்குங்கள். ஹோமோசிஸ்டினூரியாவில் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை கூடாது, ரத்தக்கட்டி வரும். கிளைகோஜன் முதல் வகையில் கல்லீரலில் கட்டிகள் வளரும் என்பதால் அங்கேயும் ஈஸ்ட்ரோஜன் தவிர்க்க வேண்டியது. அங்கே லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோனை வெளியிடும் கர்ப்பப்பைச் சாதனம் ரத்தப்போக்கையும் குறைத்து கருத்தடையும் தரும், இரண்டுக்கும் ஒரே வழி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி எலும்பை மெலிய வைக்கும், எலும்பு ஏற்கெனவே பலவீனமான நோய்களில் அது நல்ல தேர்வல்ல. போர்ஃபைரியாவில் எந்த ஹார்மோன் வழியும் நிபுணரைக் கேட்ட பிறகே.

ஆறாம் படி: யாரைக் கல்யாணம் செய்வது என்பதும் மருத்துவக் கேள்வி

தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் சொந்தத்தில்தான் மணந்திருக்கிறார்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால் இந்தக் கணக்கு நம்மூருக்குக் கட்டாயம் தேவை.

பி.கே.யூ., கேலக்டோசீமியா, கிளைகோஜன் நோய்கள் போன்றவற்றில் பிள்ளைக்கு நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான மரபணு வர வேண்டும். நோயுள்ள பெண்ணிடமிருந்து ஒன்று எப்படியும் போகும். கேள்வி, கணவரிடம் இருக்கிறதா என்பதுதான். அவள் அம்மா நிச்சயம் சுமப்பவர், அதாவது தனக்கு நோயில்லாமல் ஒரு பழுதான மரபணுவை வைத்திருப்பவர். எனவே தாய்மாமன் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு பாதி. அவரை மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகனை மணந்தால் எட்டில் ஒன்று. சொந்தமில்லாத ஒருவரை மணந்து, அந்தச் சமூகத்தில் நூறு பேரில் ஒருவர் சுமப்பவர் என்று வைத்துக்கொண்டால் 200-ல் ஒன்று. பெற்றோரே சொந்தத்தில் மணந்தவர்களாக இருந்தால் முதல் இரண்டு கணக்கும் இதைவிட மோசமாகும். கணவர் யாரானாலும் அவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் ஊகம் தீர்ந்துவிடும்.

ஓ.டி.சி. குறைபாடு வேறு வகை, எக்ஸ் குரோமோசோமில் வருவது. சுமக்கும் பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் பாதி வாய்ப்பு, அந்த ஆண் குழந்தைகளுக்கு நோய் பெரும்பாலும் கடுமையாக இருக்கும். கருவிலேயே கண்டறிய வழி உண்டு. 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு எடுக்கலாம், 16 வாரத்தையொட்டிப் பனிக்குட நீர் எடுக்கலாம். கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமே வளர்சிதை மாற்ற நோய்களுக்கான பரிசோதனையை வெளிப்படையாக அனுமதிக்கிறது. "சட்டப்படி முடியாது" என்று யாராவது சொன்னால் அது தவறு. குடும்பத்தில் உள்ள மரபணு மாற்றம் எது என்று கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவசரத்தில் தேடினால் காலம் போதாது.

ஏழாம் படி: கர்ப்பத்துக்கு முன் மூன்று மாதம்

இந்தப் பகுதியை பி.கே.யூ. கதையில்லாமல் சொல்ல முடியாது. 1960-களில் ராபர்ட் கத்ரி கண்டுபிடித்த ரத்தச் சொட்டுச் சோதனையால் அமெரிக்காவில் பி.கே.யூ. குழந்தைகள் பிறந்தவுடன் கண்டறியப்பட்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டால் மூளை காப்பாற்றப்பட்டது. மூளை வளர்ச்சி முடிந்தது என்று நினைத்து ஆறு வயதுவாக்கில் பலருக்குக் கட்டுப்பாட்டை நிறுத்தினார்கள். அந்தப் பெண்கள் நல்ல அறிவோடு வளர்ந்து, படித்து, மணம் செய்து, கர்ப்பமானார்கள். குழந்தைகளுக்கு பி.கே.யூ. இல்லை. ஆனாலும் தாயின் ரத்தத்தில் ஏறியிருந்த ஃபினைல்அலனின் கருவைத் தாக்கியது. நஞ்சுக்கொடி அதைக் குழந்தையின் பக்கம் இன்னும் செறிவாக்கித் தள்ளும். 1980-ல் லெங்கியும் லெவியும் தொகுத்த கணக்கில், தாயின் அளவு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்து சிகிச்சை இல்லாத கர்ப்பங்களில் பிறந்த குழந்தைகளில் 92 சதவீதத்தினருக்கு அறிவுத்திறன் குறை, 73 சதவீதத்தினருக்குச் சிறிய தலை, 12 சதவீதத்தினருக்கு இதயக் குறைபாடு. ஒரு தலைமுறையைக் காப்பாற்றிய வெற்றி அடுத்த தலைமுறையில் கரையும் நிலைக்கு வந்ததால்தான், 1984-ல் அமெரிக்கா, கனடா, ஜெர்மனி சேர்ந்த பெரிய ஆய்வு தொடங்கியது. கர்ப்பத்துக்கு முன்போ, முதல் 8 முதல் 10 வாரத்துக்குள்ளோ அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர்களின் குழந்தைகள் ஏறத்தாழ மற்றக் குழந்தைகளைப் போலவே இருந்தார்கள்.

ஆகவே பி.கே.யூ. உள்ள பெண் கர்ப்பம் தரிக்க நினைத்தால், முதலில் கருத்தடையை விடாமல் வைத்துக்கொண்டு உணவைக் கட்டுப்படுத்த வேண்டும். லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோல் என்ற எல்லைக்குள் தொடர்ந்து மூன்று மாதம் வந்த பிறகே கருத்தடையை நிறுத்த வேண்டும். வாரம் ஒருமுறையோ இருமுறையோ ரத்தம் பார்க்க வேண்டும். பருப்பு, பால், முட்டை, இறைச்சி எல்லாம் போய், சிறப்புப் புரதப் பொடியே பிரதான உணவாகும். அந்தப் பொடியின் வாசனை பிடிக்காமல் பாதிக் குடித்துவிட்டு விடுபவர்களுக்கு பி12, இரும்புச்சத்து, துத்தநாகம் குறையும். பொடியை விட்டால் ஊட்டச்சத்தும் போகிறது, ஃபினைல்அலனினும் ஏறுகிறது.

மற்ற நோய்களுக்கும் இந்த மூன்று மாதம்தான் மருந்துகளைத் தணிக்கை செய்யும் காலம். கிளைகோஜன் நோயில் சிறுநீரகத்துக்குக் கொடுக்கும் ஏ.சி.இ. மாத்திரையும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் கருவுக்கு ஆகாது. வில்சன் நோயில் அதற்கு நேர்மாறு: கர்ப்பம் என்று பயந்து சிகிச்சையை நிறுத்தினால் கல்லீரல் செயலிழந்து தாய் உயிரிழக்க நேரிடும். அளவைக் குறைக்கலாமே தவிர நிறுத்தக் கூடாது. வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் யூரியா சுழற்சிக் குறைபாட்டுப் பெண் இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கட்டும். அது அம்மோனியாவையும் ஏற்றும், கருவையும் பாதிக்கும்.

எட்டாம் படி: கர்ப்ப காலம்

முதல் மூன்று மாத வாந்தியைப் "பொறுத்துக்கோ, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு வேளை உணவு வயிற்றில் தங்காவிட்டால் இந்தப் பெண்கள் டிரிப்ஸுக்குப் போக வேண்டும். உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கினால் பி.கே.யூ.வில் ஃபினைல்அலனின் ஏறும், யூரியா சுழற்சியில் அம்மோனியா ஏறும், கிளைகோஜன் நோயில் சர்க்கரை இறங்கும்.

தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து ரத்தம் பார்க்கிறார்கள். கிளைகோஜன் நோயுள்ளவருக்கு வேறு எதுவும் சாப்பிடாமல் காத்திருப்பதும் ஆபத்து, குடித்த பிறகு சர்க்கரை சட்டென்று இறங்குவதும் ஆபத்து. வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பல வேளை பார்த்த குறிப்பைக் கொடுத்து, அந்தச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

பி.கே.யூ. உள்ளவருக்கு கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களிலிருந்து ஒரு நல்ல செய்தி வரும்: குழந்தையின் வளர்ச்சிக்கு ஃபினைல்அலனின் செலவாவதால் சாப்பிடக்கூடிய புரதத்தின் அளவு கூடிக்கொண்டே போகும். அப்போது அளவை மிகவும் கீழே இறங்கவிடுவதும் தவறு.

ஹோமோசிஸ்டினூரியாவில் ரத்தக்கட்டியைத் தடுக்கும் ஊசியைப் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை தொடர்வது வழக்கம். குறைப்பிரசவம் வரும் போலிருந்தால் குழந்தையின் நுரையீரலுக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசி யூரியா சுழற்சிக் குறைபாட்டில் அம்மோனியாவை ஏற்றும். தேவைப்பட்டால் கொடுக்கலாம், ஆனால் அம்மோனியாவைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: பிரசவமும் அதற்குப் பிந்தைய இரண்டு வாரமும்

பிரசவ வலி நீண்ட நேர உடற்பயிற்சிதான், பட்டினியோடு. பட்டினி தாங்காத நோய்களில் வலி தொடங்கியதும் 10 சதவீத குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற வேண்டும். கிளைகோஜன் முதல் வகையில் ரிங்கர் லாக்டேட் பாட்டிலைத் தொங்கவிடக் கூடாது. போர்ஃபைரியாவில் ரத்தப்போக்கை நிறுத்த ஆக்ஸிடோசின் போடலாம், எர்கோமெட்ரின் தவிர்க்க வேண்டும். மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

குழந்தை பிறந்து தாய் நலமாக இருக்கிறாள் என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரம்தான் ஓ.டி.சி. குறைபாட்டில் மிக ஆபத்தானது. மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை, சிலருக்கு அதற்குப் பின்னும், பெரிதாகியிருந்த கர்ப்பப்பை சுருங்கி அதன் புரதம் ரத்தத்தில் கொட்டுகிறது. அதே வாரத்தில் நம் வீட்டில் பால் சுறாப் புட்டு, கருவாடு, முட்டை, பூண்டுக் குழம்பு என்று பத்தியச் சாப்பாடு தொடங்குகிறது. பெண் வாந்தி எடுக்கிறாள், தூங்கிக்கொண்டே இருக்கிறாள், சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், குழந்தையைக் கண்டுகொள்வதில்லை. பிரசவ மனநோய் என்று சொல்லி மனநல மருந்து கொடுப்பார்கள், சில வீடுகளில் காத்துக்கருப்பு என்று கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள்.

பிரசவமான பெண்ணுக்குத் திடீர்க் குழப்பம் என்றால், நோய் இருப்பது தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், அம்மோனியா பார்க்கச் சொல்லுங்கள். கையை நீண்ட நேரம் கட்டாமல் ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்து, 15 நிமிடத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். மேசையில் காத்திருந்தால் அளவு பொய்யாக ஏறிவிடும். லிட்டருக்கு 100 மைக்ரோமோலுக்கு மேல் என்றால் புரதத்தை நிறுத்தி, குளுக்கோஸும் அம்மோனியாவை வெளியேற்றும் மருந்துகளும் உடனே தொடங்குவார்கள். ஆண் குழந்தை பிறந்திருந்தால் அவனுக்கும் முதல் நாளிலிருந்தே அம்மோனியா பார்க்க வேண்டும்.

தாய்ப்பால்? பி.கே.யூ. உள்ள தாய் கொடுக்கலாம், கேலக்டோசீமியா உள்ள தாயும் கொடுக்கலாம். குழந்தைக்கு அந்த நோய் இல்லையென்றால் பிரச்சினை இல்லை.

நோயில்லாத தாய்மார்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எல்.சி.எச்.ஏ.டி. என்ற கொழுப்பு எரிப்பு என்சைம் குறைவான கருவைச் சுமக்கும் தாய்க்குக் கடைசி மாதங்களில் கல்லீரல் கொழுப்பேறுவதோ, ரத்தக் கொதிப்போடு தட்டணுக்கள் சரிவதோ நேரலாம். அப்படி நடந்திருந்தால் குழந்தைக்கு எல்.சி.எச்.ஏ.டி. குறைபாட்டுக்கான பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

பத்தாம் படி: அவசரக் கடிதம்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே தாளில் வர வேண்டும். உங்கள் வளர்சிதை மாற்ற மருத்துவரிடம் கேட்டு, மருத்துவமனைத் தலைப்புத் தாளில், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி வாங்குங்கள்: நோயின் முழுப் பெயர், வரும் அறிகுறி, உடனே பார்க்க வேண்டிய ரத்தச் சோதனைகள், போட வேண்டிய டிரிப்ஸும் அளவும், கொடுக்கவே கூடாத மருந்துகள், அவசரத்தில் கூப்பிட வேண்டிய எண். லேமினேட் செய்து ஒன்று கைப்பையில், ஒன்று புகுந்த வீட்டில், ஒன்று அம்மா வீட்டில், போட்டோவாக ஒன்று கணவரின் போனில். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு நகல் கொடுங்கள். 108 வரும்போது கையில் திணிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

செலவுக்கு: 2021-ல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி, அங்கீகரிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வாய்ப்புண்டு. பட்டியலில் உங்கள் நோய் இருக்கிறதா என்று பார்த்து, பெங்களூருவில் உள்ள மனித மரபியல் மையம் போன்ற மையத்தில் பதிவு செய்ய வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் பிரிவு இருக்கிறது. பதிவு, பரிசோதனை, ஒப்புதல் எல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் கர்ப்பமான பிறகு ஓடாமல் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.